கடைமடைக்கு தண்ணி வர்ற வரைக்கும்

எங்க ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை, அதாவது காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். ஜூன் 12 மேட்டூர் தொறந்துட்டாங்கன்னு டிவில பூ தூவுறத காட்டுனாலே எனக்கு வாய்க்கால எட்டிப் பாக்கணும்னு கை காலு பரபரக்கும், ஆனா அந்த தண்ணி கல்லணைக்கு வரவே மூணு நாலு நாள் ஆகும், அப்புறம் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு, காஞ்சு கெடக்குற மணல் குடிச்சது போக மிச்சம்தான் எங்களுக்கு.

அப்பா அவசரப்பட்டு நான் பாத்ததே இல்ல. தெனமும் காலைல மண்வெட்டிய தோள்ல போட்டுகிட்டு மதகு வரைக்கும் நடப்பாரு, அடைச்சிருக்குற கோரைய அரிச்சு விடுவாரு. "தண்ணி வர்றப்ப வழி சுத்தமா இருக்கணும்ல தம்பி", அவ்ளோதான் சொல்லுவாரு.

போன வருஷம் கொள்முதல் நிலையத்துல நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு திருப்பி விட்டப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவரு தார்ப்பாய விரிச்சு நெல்ல கொட்டி கால்லயே கிளறி கிளறி காயவச்சு, ராத்திரி மூட்ட பக்கத்துலயே படுத்துகிட்டாரு, பனி வேற. அந்த காத்திருப்ப மட்டும் பொறுமைன்னு புகழ எனக்கு மனசு வரல, ஒரு வெவசாயி அப்படி கெடக்க வேண்டியதில்ல.

இந்த வருஷம் நானும் ஒரு மண்வெட்டி எடுத்துகிட்டு அவரு பின்னாடியே மதகுக்கு போறேன். கோரை நெறைய இருக்கு.