ஜோ பௌமனின் 72: ஒரு மைனர் லீக் ஆட்டக்காரரின் கணக்கைத் திரும்பக் கட்டுதல்

ஜோ பௌமன் (1922–2005) அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை; அதற்குக் கீழான மைனர் லீகுகளில்தான் ஆடினார். ஆனால் 1954-இல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் ராக்கெட்ஸ் அணிக்கு ஒரே பருவத்தில் 72 ஹோம் ரன் (ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றிவரும் அடி) அடித்தார். 2001-இல் பேரி பாண்ட்ஸ் 73 அடிக்கும்வரை அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அந்த எண்ணைத் தாண்டியவர் இல்லை. இடக்கை ஆட்டக்காரர், முதல் பேஸ் காவலர். அவருடைய பருவங்களை விரிதாளில் ஏற்றியாகிவிட்டது. எங்கே சிக்கும், எதை வைத்துச் சரிபார்க்கலாம் என்பதற்கான குறிப்பு இது.

முதல் விதி: சராசரியைத் தட்டச்சு செய்யக் கூடாது, சூத்திரம் போட வேண்டும். 1954-க்கு இருக்க வேண்டியவை 138 ஆட்டம், 498 அட்-பேட் (கணக்கில் சேரும் மட்டை முறை), 199 ஹிட் (பேஸை எட்டிய வெற்றிகரமான அடி), 35 டபுள் (இரண்டு பேஸ்), 3 ட்ரிபிள் (மூன்று பேஸ்), 72 ஹோம் ரன், 150 வாக் (நான்கு தவறான வீச்சுகளால் கிடைக்கும் இலவச பேஸ்), 224 ஆர்பிஐ (அவர் மட்டையால் வந்த ஓட்டங்கள்). 199-ஐ 498-ஆல் வகுத்தால் 0.3996. அச்சில் .400 என்று வருவது இதுதான், எனவே நான்கு தசமம் வைத்துக்கொள்வது நல்லது. அடுத்து ஸ்லக்கிங், அதாவது ஓர் அட்-பேட்டுக்கு எத்தனை பேஸ் என்ற விகிதம்: சிங்கிளுக்கு 1, டபுளுக்கு 2, ட்ரிபிளுக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4. 199-இலிருந்து 110 பெரிய அடிகளைக் கழித்தால் 89 சிங்கிள். 89 + 70 + 9 + 288 = 456 மொத்த பேஸ்; 498-ஆல் வகுத்தால் .916. பதிவேட்டில் உள்ளதும் இதுவே. டபுளில் ஓர் எண் பிசகினாலும் இங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

வகுப்பு நெடுவரிசையில்தான் (மைனர் லீகின் தரம்; அன்று ஏ-க்குக் கீழே பி, சி, டி என்று இறங்கியது) பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1941-இல் ஆர்கன்சாவின் நியூபோர்ட் அணி டி வகுப்பு. 1946, 1947-இல் அமரில்லோ சி; 1948-இல் ஹார்ட்ஃபோர்ட் ஏ. பிறகு 1952 முதல் 1955 வரை லாங்ஹார்ன் லீகில் ஆர்ட்டீசியா, ராஸ்வெல், மறுபடி சி; 1956-இல் ராஸ்வெல் சவுத்வெஸ்டர்ன் லீகில், பி. 1963 சீரமைப்பில் பி, சி, டி மூன்றும் ஒழிந்துபோயின. ஆகவே அன்றைய ‘ஏ’வை இன்றைய ‘ஏ’வோடு ஒப்பிட்டால் கணக்கே தடம் மாறும். 1948-இல் ஒரே ஓர் அட்-பேட் மில்வாக்கி ப்ரூவர்ஸ் பெயரில் இருக்கும். அது அமெரிக்கன் அசோசியேஷன் லீகின் பழைய அணி. இன்றைய ப்ரூவர்ஸ் 1970-இல் சியாட்டிலிலிருந்து வந்தது. தரவுத்தள மென்பொருள் இரண்டையும் தானாக இணைத்திருந்தால் கையால் பிரித்துவிடுங்கள்.

பருவவாரியாக ஹோம் ரன்: 3, 48, 38, 10, 50, 53, 72, 46, 17. கூட்டினால் 337, ஒன்பது பருவங்கள். 1942 முதல் 1945 வரை கடற்படை. 1949 முதல் 1951 வரை ஓக்லஹோமாவின் எல்க் சிட்டியில் அரைத்தொழில்முறை அணி, கூடவே பெட்ரோல் பங்க். இந்த ஏழு வரிசைகளையும் வெற்றாக விடுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். வெற்றாக விட்டால் பருவத்துக்கு 37.4, பூஜ்யம் போட்டால் 21.1. வாழ்க்கையின் முக்கியத் திருப்பமும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது: 27 வயதில் மேஜர் லீக் கனவை விட்டுச் சிறு ஊருக்குப் போனவர், 30 வயதில் திரும்பி வந்து 50 அடித்தார்.

செப்டம்பர் 5, 1954-ஐத் தனி வரியாக வையுங்கள். கடைசி நாள், ஆர்ட்டீசியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் 70, இரண்டாவதில் 71-உம் 72-உம். ராஸ்வெல் மைதானத்தின் கணக்கில் இவற்றைச் சேர்த்துவிட வேண்டாம். அதுவரை சாதனை 69: ஜோ ஹவுசர், மினியாபோலிஸ், 1933; பாப் க்ரூஸ், அமரில்லோ, 1948.

குறிப்பு நெடுவரிசைக்கு மூன்று விஷயம். ராஸ்வெல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 அடி உயரம். மெல்லிய காற்றில் பந்து கூடுதலாகப் பறக்கும். அடுத்து, தியாக ஃப்ளை விதி (உயரே அடித்த பந்து பிடிபட்டு ஆட்டமிழந்தாலும், அதனால் சக ஆட்டக்காரர் ஓட்டம் எடுத்தால் அது அட்-பேட்டாக எண்ணப்படாது) 1954-இல்தான் திரும்ப வந்தது. அதற்கு முன் ஓட்டம் கொண்டுவந்த ஃப்ளையும் அட்-பேட்டாகவே எண்ணப்பட்டதால், 1953-இன் .371-ஐயும் 1954-இன் .400-ஐயும் பக்கத்தில் வைக்கும்போது ஒரு நட்சத்திரக்குறி தேவை. மூன்றாவது, ஹோம் ரன் அடித்ததும் ரசிகர்கள் கம்பிவலையில் டாலர் நோட்டுகளைச் செருகுவார்கள். எந்த ஆண்டுமலரிலும் இந்த வருமானத்துக்குக் கட்டம் கிடையாது, இருந்தாலும் குறித்துவைக்கத் தகும்.

அடுத்து ஏற வேண்டியது க்ரூஸின் 1948: 69 ஹோம் ரன், 254 ஆர்பிஐ. ஆர்பிஐயில் பௌமனைவிட 30 அதிகம். பௌமனுக்கு முன்னால் எத்தனை பேர் பேஸில் நின்றார்கள் என்று தெரிந்தால்தான் இந்த ஒப்பீடு நியாயமாகும். அதற்கு நாளிதழ்களின் ஆட்டப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்தாக வேண்டும்.