மலைச் சிங்கம் உலவும் பாதைகள்: நாட்குறிப்பு

24 மார்ச் 2024, ஞாயிறு, சான் ஹோசே

சாக்ரமெண்டோவுக்குக் கிழக்கே, எல் டொராடோ மாவட்டத்தின் ஜார்ஜ்டவுன் ஊரை அடுத்த காட்டில், மான்கள் உதிர்த்த கொம்புகளைத் தேடிச் சென்ற இரு சகோதரர்களை நேற்று ஒரு மலைச் சிங்கம் (பூமா என்றும் அழைக்கப்படும் பெரிய பூனையின விலங்கு) தாக்கியிருக்கிறது. மூத்தவருக்கு 21 வயது, இளையவருக்கு 18. முகத்தில் கடுமையான காயங்களோடு இளையவர்தான் அவசர உதவியை அழைத்திருக்கிறார். ஷெரீஃப் அலுவலகக் காவலர்கள் போய்ச் சேர்ந்தபோது, தரையில் கிடந்த அண்ணனின் அருகில் அந்த விலங்கு பதுங்கியிருந்தது. துப்பாக்கியால் சுட்டு அதை விரட்டிய பிறகே அவரை நெருங்க முடிந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார். கலிபோர்னியாவில் மலைச் சிங்கத்தால் ஒருவர் உயிரிழப்பது 2004க்குப் பிறகு இதுவே முதல் முறை.

வார இறுதிகளில் என்னோடு மலையேறும் அண்ணன் மாலையில் தொலைபேசியில் அழைத்தார். திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் எளிதில் கலங்குபவர் அல்லர். "இனிமே நாம அந்தப் பக்கம் போகணுமாப்பா?" என்று கேட்டார். நாங்கள் நடக்கும் ஹென்றி கோ மாநிலப் பூங்காவும் சாண்டா குரூஸ் மலைகளும் மலைச் சிங்கங்களின் வாழிடங்களே என்பது இருவருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் அவருக்குப் பொறுப்பான ஒரு பதிலைச் சொல்ல வேண்டுமானால், இத்தகைய தாக்குதல்களில் உண்மையில் என்ன நடந்தது, தப்பியவர்கள் எதனால் தப்பினார்கள் என்பதை நான் முறையாகப் படித்தாக வேண்டும். படிப்பதை இங்கே எழுதி வருகிறேன்.

31 மார்ச் 2024, ஞாயிறு

ஜார்ஜ்டவுன் சகோதரர்களின் குடும்பத்தார் வெளியிட்ட விவரத்தைப் படித்ததிலிருந்து மனம் வேறொன்றிலும் நிற்கவில்லை. சிங்கத்தைக் கண்டதும் இருவரும் ஓடவில்லை. கைகளை உயர்த்தித் தங்களைப் பெரிதாகக் காட்டிக்கொண்டு, சத்தமிட்டு, அதை விரட்ட முயன்றிருக்கிறார்கள். அது முதலில் தம்பியின் மீது பாய்ந்து முகத்தைக் கவ்வியது. அண்ணன் அதை அடித்து அடித்துத் தம்பியை விடுவித்தார்; அதன் பிறகே அது அவர் பக்கம் திரும்பியது. வனத்துறை அறிவுறுத்தும் அனைத்தையும் செய்தும் ஓர் உயிர் போயிருக்கிறது. இதை மறைத்துவிட்டு யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது என்று நினைக்கிறேன்.

அதே சமயம், அளவையும் அறிந்திருக்க வேண்டும். பால் பையர் என்ற ஆய்வாளர் 1890 முதல் 1990 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த தாக்குதல்களைத் திரட்டி 1991இல் வெளியிட்டார். நூறு ஆண்டுகளில் அவர் உறுதிசெய்தவை, உயிரிழப்பில் முடிந்த ஒன்பது தாக்குதல்களும் (இறந்தவர்கள் பத்துப் பேர்) காயத்தோடு முடிந்த 44 தாக்குதல்களும் மட்டுமே. தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். தாக்கிய விலங்குகளில் கணிசமானவை தாயைப் பிரிந்து தனக்கென ஓர் எல்லையைத் தேடி அலையும் இளம் விலங்குகளோ, உடல் மெலிந்து பசித்திருந்தவையோ ஆகும். என் மகளுக்கு ஆறு வயது. அந்த அட்டவணையில் இருந்த வயதுகளை நான் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியவில்லை.

6 ஏப்ரல் 2024, சனி

மழை; நடை இல்லை. காலை முழுவதும் பழைய நிகழ்வுகளைப் படித்தேன்.

1994 ஏப்ரலில், இதே எல் டொராடோ மாவட்டத்தில், ஆபர்னுக்கு அருகிலுள்ள பாதையில் தனியாக ஓடிக்கொண்டிருந்த நாற்பது வயதுப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். தாக்கியது குட்டியோடு இருந்த பெண் சிங்கம். அதைச் சுட்டுக் கொன்ற பிறகு, தாயிழந்த குட்டிக்கென வந்த நன்கொடை, தாயிழந்த இரு குழந்தைகளுக்கென வந்ததைவிடத் தொடக்கத்தில் அதிகமாக இருந்ததாம். விலங்குகளை நேசிப்பவன் என்ற முறையிலேயே இதைப் படித்து நான் வருந்தினேன். அதே ஆண்டு டிசம்பரில் சான் டியேகோ பக்கமுள்ள குயமாக்கா மலைகளில் தனியாக நடந்த 56 வயதுப் பெண் இறந்தார். 2004 ஜனவரியில் ஆரஞ்சு மாவட்டத்தின் வைட்டிங் ராஞ்ச் பூங்காவில் மிதிவண்டியில் தனியாகச் சென்ற 35 வயது ஆண் இறந்தார். மூவரும் தாக்கப்பட்ட கணத்தில் தனித்திருந்தார்கள்.

தப்பியவர்களின் கதைகளில் பெரும்பாலும் இன்னொருவர் வருகிறார். வைட்டிங் ராஞ்சில் அதே நாளில், அதே சிங்கம் இன்னொரு பெண்ணைத் தலையில் கவ்விச் சரிவில் இழுத்துச் சென்றது. அவருடைய தோழி அவரது காலை இறுகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பின்னால் வந்தவர்கள் கல்லெறிய, அது விட்டுவிட்டுப் போயிற்று. 2007இல் வடக்கே பிரெய்ரி கிரீக் செம்மரப் பூங்காவில் எழுபது வயதுக் கணவரின் தலையைச் சிங்கம் கவ்வியபோது, 65 வயது மனைவி ஒரு மரக்கட்டையை எடுத்து அது விடும் வரை அடித்தார். 2021இல் கலபாசஸில் வீட்டு முற்றத்தில் விளையாடிய ஐந்து வயது மகனை இழுத்துச் சென்ற சிங்கத்தை அவனுடைய தாய் வெறுங்கையால் குத்தி விரட்டினார். இந்த ஆண்டு பிப்ரவரியில், வாஷிங்டன் மாநிலத்தில் ஐந்து பெண்கள் மிதிவண்டியில் சென்றபோது ஒருவரின் முகத்தைச் சிங்கம் கவ்வியது. மற்ற நால்வரும் போராடி, அவரை மீட்டு, அந்த விலங்கை ஒரு மிதிவண்டியின் அடியில் அழுத்தி, அதிகாரி வந்து சுடும் வரை பிடித்து வைத்திருந்தார்கள்.

இதற்கு எதிரான சான்றும் உண்டு. 2018 மே மாதத்தில், வாஷிங்டனின் நார்த் பெண்ட் அருகே மிதிவண்டியில் சென்ற இருவர், பின்தொடர்ந்த சிங்கத்தை எதிர்கொண்டு நின்று சத்தமிட்டு விரட்டினார்கள். அது போய்விட்டுத் திரும்பி வந்து ஒருவரின் தலையைக் கவ்வியது. மற்றவர் திரும்பி ஓடியபோது, பிடித்தவரை விட்டுவிட்டு, ஓடியவரைத் துரத்திக் கொன்றது. அந்தக் கணத்தின் அச்சத்தில் ஓடியவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த விலங்கின் இயல்பு அந்த ஒரு நிகழ்வில் முழுமையாகத் தெரிகிறது: விலகி ஓடும் உருவமே அதற்கு இரை.

அண்ணனுக்கு இரவு பதில் சொன்னேன். போகலாம், ஆனால் ஒருவரும் தனியாகப் போவதில்லை, ஒருவர் கண்ணுக்கு ஒருவர் மறைவதில்லை.

20 ஏப்ரல் 2024, சனி, இரவு

கை இன்னும் நிலைகொள்ளவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

ஹென்றி கோ பூங்காவின் தலைமையகத்திலிருந்து மான்சனிட்டா முனை வழியாக இறங்கி, கயோட்டி ஓடையின் சைனா ஹோல் மடுவில் நண்பகலைக் கழித்தோம். ஓடைக்கரைச் சேற்றில் ஒரு தடம் இருந்தது. உள்ளங்கை அளவு அகலம். நக அடையாளம் இல்லை. குதிகால் திண்டின் பின்விளிம்பில் மூன்று மடிப்புகள். நாயாக இருந்தால் நகம் பதிந்திருக்கும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் பையை எடுத்து மாட்டினார்.

ஏறும்போது மாலை ஆறரை இருக்கும். வெயில் மேட்டில் மட்டும் தங்கியிருந்தது. அண்ணன் முன்னால், நான் நான்கு அடி பின்னால். பாதை வளையும் இடத்தில், எங்களுக்கு மேலே முப்பது அடி தொலைவில், சரிவில் அது படுத்திருந்தது. கோடையாக இருந்திருந்தால் காய்ந்த புல்லின் நிறத்தில் மறைந்திருக்கும். ஏப்ரலின் பச்சைப் புல்லில் அந்தப் பழுப்பு உடல் முழுவதும் தெரிந்தது. கனமான, நீண்ட வாலின் நுனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எங்களை அது பார்க்கத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியாது.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. திரும்பாதீங்க" என்றேன். அவர் நின்றார். நான் முன்னேறி அவருடைய தோளோடு தோள் சேர நின்றேன். இருவரும் மேற்சட்டையைத் திறந்து இரு கைகளாலும் விரித்துப் பிடித்தோம். குனியக் கூடாது என்பதால் கல்லெடுக்கவில்லை. குனிந்த மனிதன் நான்குகால் விலங்கின் உயரத்துக்கு வந்துவிடுகிறான், கழுத்தையும் காட்டிவிடுகிறான். மலைச் சிங்கம் நெடுந்தூரம் துரத்தும் விலங்கு அன்று; பதுங்கி நெருங்கி, வலிமையான பின்னங்கால்களின் உந்துதலில் ஒரே பாய்ச்சலில் விழுந்து, பிடரியில் கடிக்கும் விலங்கு. தன்னைப் பார்க்காத பக்கமே அதற்கு வேண்டும். நாங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தோம்.

அண்ணன் ஊன்றுகோல்கள் இரண்டையும் ஒன்றோடொன்று மோதி ஒலி எழுப்பினார். "போ! அந்தப் பக்கம் போ!" என்று கனத்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர்களில் வயலுக்குள் இறங்கிய மாட்டை விரட்டும் குரல் அது. கத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சிங்கம் எழுந்தது. நான் அதன் காதுகளையே பார்த்தேன். காதுகள் பின்னுக்கு மடிந்து, உடல் தரையோடு தாழ்ந்து, பின்னங்கால்கள் மிதித்து இடம் தேடினால் அது பாயப் போகிறது என்று படித்திருந்தேன். காதுகள் நிமிர்ந்தே இருந்தன. இரண்டு அடி எங்களை நோக்கி வைத்தது. அந்த இரண்டு அடியில் என் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

அதற்கு வெளியேற வழி விட வேண்டும். ஆகவே முகத்தைத் திருப்பாமல், இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றியபடி, பாதையில் மெல்லப் பின்வாங்கினோம். பத்துப் பன்னிரண்டு அடி விலகியதும் அது சரிவில் பக்கவாட்டில் நடந்து, பாதையைக் கடந்து, கீழேயுள்ள புதருக்குள் இறங்கியது. இலை நொறுங்கும் ஒலிகூட இல்லை. எஞ்சிய ஏற்றம் முழுவதும் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் பார்த்துக்கொண்டு, உரக்கப் பேசிக்கொண்டே வந்தோம். அண்ணன் தம் பெண்ணின் திருமண ஏற்பாடுகளை ஒன்றுவிடாமல் சொன்னார். நான் ஒன்றையும் மனத்தில் வாங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் என்னை நடத்திக்கொண்டு வந்தது.

21 ஏப்ரல் 2024, ஞாயிறு

பூங்கா அலுவலகத்தில் நேற்றே தெரிவித்திருந்தோம். காலையில் வனக்காவலர் ஒருவர் அழைத்து, நாங்கள் குறிப்பிட்ட வளைவுக்குக் கீழே ஓக் இலைகளால் மூடப்பட்ட மான் உடல் கிடந்ததாகச் சொன்னார். கொன்ற மானை இலையும் மண்ணும் இட்டு மூடி, சில நாட்கள் வந்து வந்து தின்பது மலைச் சிங்கத்தின் வழக்கம். அதன் உணவுக்கும் அதற்கும் இடையே நாங்கள் நின்றிருந்தோம். பாதையின் அந்தப் பகுதியைச் சில நாட்களுக்கு மூடுகிறார்கள். விலங்கை ஒன்றும் செய்யப்போவதில்லை. அந்தச் செய்தி எனக்கு ஆறுதலாக இருந்தது.

5 மே 2024, ஞாயிறு

அண்ணனின் குரல் உண்மையிலேயே பயன்பட்டதா என்ற கேள்விக்கு அருகிலேயே ஒரு விடை இருந்திருக்கிறது. சாண்டா குரூஸ் மலைகளில் 2008 முதல் பூமாக்களை ஆராய்ந்து வரும் பல்கலைக்கழகக் குழுவினர், அவை மானைத் தின்னும் இடங்களில் ஒலிபெருக்கிகளை வைத்து, சில வேளை மனிதப் பேச்சையும் சில வேளை தவளைகளின் ஒலியையும் ஒலிக்கச் செய்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, மனிதக் குரலைக் கேட்டபோது பெரும்பாலானவை இரையை விட்டு ஓடின. தவளை ஒலிக்கு ஏறத்தாழ எதுவுமே அசையவில்லை. மனிதப் பேச்சைக் கேட்ட விலங்குகள் இரையருகே உண்ணும் நேரமும் பாதிக்கும் கீழே குறைந்தது.

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1907 முதல் 1963 வரை, கொன்ற ஒவ்வொரு மலைச் சிங்கத்துக்கும் கலிபோர்னியா அரசு பரிசுப் பணம் கொடுத்தது. 1990இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 117ஆம் முன்மொழிவுதான் பொழுதுபோக்கு வேட்டையை நிலையாகத் தடைசெய்தது. இன்று அவற்றைப் பெரிதும் அச்சுறுத்துபவற்றில் நெடுஞ்சாலைகளும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் இரு பெரும் நெடுஞ்சாலைகளைக் கடந்து கிரிஃபித் பூங்காவில் பத்தாண்டுகள் தனியாக வாழ்ந்த பி-22 என்ற ஆண் சிங்கம், 2022 டிசம்பரில் வாகனத்தில் அடிபட்ட காயங்களோடும் நோயோடும் பிடிபட்டு, கருணைக்கொலை செய்யப்பட்டது. ஜார்ஜ்டவுன் குடும்பத்தின் துயரத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க நான் துணிய மாட்டேன். இரண்டையும் மறக்காமல் இருக்கவே விரும்புகிறேன்.

2 செப்டம்பர் 2024, திங்கள்

நேற்று மாலிபு கிரீக் மாநிலப் பூங்காவில், உணவு மேசைக்கு அருகில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுவனை மலைச் சிங்கம் தலையில் கவ்வியிருக்கிறது. பெரியவர்கள் பலர் உடனிருந்தார்கள். அவர்கள் பாய்ந்து சென்றதால் அது சிறுவனை விட்டுவிட்டு மரத்தில் ஏறியது. சிறுவன் ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு உயிர் பிழைத்தான். விலங்கைக் கொன்றுவிட்டார்கள். அது நடந்தது விடியலிலோ அந்தியிலோ அல்ல, பிற்பகல் வெளிச்சத்தில். தனித்த பாதையிலும் அல்ல, கூட்டத்தின் நடுவில். மனைவி செய்தியைப் படித்துவிட்டு, மகளைக் குறித்து, "இவள இனி கூட்டிட்டுப் போக வேணாங்க" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே, "போனா நானும் வருவேன்" என்றாள்.

12 அக்டோபர் 2024, சனி

நாளை மூன்று குடும்பங்களாக ஹென்றி கோவுக்குப் போகிறோம். ஆண் டராண்டுலா சிலந்திகள் இணை தேடி வளையை விட்டு வெளியே நடக்கும் பருவம் இது. குழந்தைகள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். சிலந்தியைக் கண்டால் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகக் குந்தி உட்காருவார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அவர்கள் குந்தும்போது பெரியவர்களில் இருவர் முதுகைக் குழந்தைகளுக்குக் காட்டி, புதர்ப் பக்கம் முகம் வைத்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நடையில் அண்ணன் முதலாவதாகவும் நான் கடைசியாகவும் வருவோம், குழந்தைகள் இடையில். ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் ஊதல் ஒன்று. பிற்பகல் மூன்று மணிக்குள் எல்லோரும் வாகன நிறுத்துமிடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டேன். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.