எட்டே பேர் நடித்த ஸ்வீனி டாட்

நியூயார்க்கில் நாடகம் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் டைம்ஸ் ஸ்கொயர் பக்கம்தான் கைகாட்டுவார்கள். 2017 கோடையில் நான் தேடிப் போனது அங்கே இல்லை. ஒன்றாம் நம்பர் சப்வேயில் ஏறி, கிறிஸ்டோபர் ஸ்ட்ரீட்டில் இறங்கி, கிரீன்விச் வில்லேஜின் குறுகிய தெருக்களில் கொஞ்சம் நடந்ததும் பேரோ ஸ்ட்ரீட் தியேட்டர் வந்தது. அங்கே நடந்துகொண்டிருந்தது ஸ்வீனி டாட் என்ற இசை நாடகம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன். மனைவி மேல் கண் வைத்த ஒரு நீதிபதியால் பொய் வழக்கில் நாடு கடத்தப்பட்ட நாவிதன் ஸ்வீனி டாட், பதினைந்து வருடம் கழித்துப் பழிவாங்கத் திரும்பி வருகிறான். அவன் குடியிருக்கும் மாடிக்குக் கீழே மிசஸ் லவெட்டின் மீட் பை கடை; மீட் பை என்றால் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம். அவளுக்கோ இறைச்சி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஸ்டீபன் சோண்ட்ஹைம் இசையமைத்துப் பாடல் எழுதிய இந்த இசை நாடகம் 1979இல், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயின் யூரிஸ் தியேட்டரில் அரங்கேறியது. பழைய இரும்பு வார்ப்பாலை ஒன்றின் பாகங்களையே கொண்டுவந்து மேடையில் நிறுத்தினார் இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸ். அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி எட்டு கிடைத்தன. நான் பார்த்தது அதற்கு நேர் எதிர்த் திசையில் பிறந்தது. 2014இல் லண்டனின் டூட்டிங் பகுதியில், 1908 முதல் நடந்துவந்த ஒரு நிஜ மீட் பை கடைக்குள்ளேயே நாடகத்தைப் போட்டார்கள். இயக்கம் பில் பக்ஹர்ஸ்ட். சோண்ட்ஹைமே நேரில் வந்து பார்த்தார். அதுதான் கடைசியில் நியூயார்க் வரை வந்து சேர்ந்தது.

உள்ளே போனால் மேடை என்று தனியாக எதுவும் இல்லை. தியேட்டரையே அந்தக் கடையாக மாற்றிவிட்டார்கள். நீள மேசைகள், பெஞ்சுகள், கவுண்டர், ஒரு மாடிப்படி. மொத்தமே சுமார் 130 பேருக்குத்தான் இடம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் நாடகத்துக்கு முன் பையும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பாடாகத் தந்தார்கள். அந்தப் பைகளின் பொறுப்பு வெள்ளை மாளிகையில் பேஸ்ட்ரி செஃபாக இருந்த பில் யோசஸுக்கு. கதை தெரிந்தவர்கள் முதல் வாயை வைக்க யோசிக்கத்தான் செய்தார்கள். நான் காய்கறி பை வாங்கித் தப்பித்துக்கொண்டேன்.

நடிகர்கள் எட்டே பேர். பியானோ, வயலின், கிளாரினெட் என்று மூன்றே வாத்தியங்கள். பிச்சைக்காரியாக வரும் நடிகையே இன்னொரு நாவிதனான பிரெல்லியாகவும் வருகிறார். ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடாக அது தெரியவே இல்லை, அவ்வளவு அநாயாசமாக மாறினார். கோரஸ் என்று தனி ஆட்கள் கிடையாது. இருப்பவர்களே நம் மேசை மேல் ஏறி நின்று, குனிந்து, முகத்துக்கு நேராகப் பாடுகிறார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்துக்குள் புகுந்து வம்பிழுப்பானே, அந்த நெருக்கம். ஆனால் இங்கே வருபவன் கையில் சவரக்கத்தி இருக்கிறது. ஒருமுறை ஸ்வீனி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு பாடினார். அவர் பாட்டு முடியும்வரை தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

முதல் பாதியின் கடைசியில், யார் யாரை மாவுக்குள் வைத்துச் சுட்டால் என்ன ருசி என்று ஸ்வீனியும் லவெட்டும் கணக்குப் போடும் பாட்டு வருகிறது. பாதிரியார், வக்கீல் என்று ஒவ்வொரு தொழிலாக வாரும் அந்தக் குரூர நகைச்சுவைக்கு, கொஞ்ச நேரம் முன்புதான் பை சாப்பிட்டு முடித்த கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அப்புறம் இடைவேளை முடிந்ததும் லவெட்டின் கடையில் வியாபாரம் பிச்சுக்கொண்டு போகும் காட்சி. பெரிய அரங்கில் அங்கே கோரஸ்தான் வாடிக்கையாளர்கள். இங்கே அந்த வேலை நமக்கு. வெறுமனே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே போதும், நாமும் கூட்டு.

எல்லாமே சரியாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். மனநோய் விடுதியிலிருந்து தப்பியவர்கள் நகரத் தெருக்களில் வெறிகொண்டு ஓடும் இடத்தில் ஒரு பெருங்கூட்டத்தின் குரல் வேண்டும். எட்டுப் பேர் என்னதான் கத்தினாலும் அது வரவில்லை. மூன்று வாத்தியங்களில் வரிகள் துல்லியமாகக் காதில் விழுகின்றன என்பது உண்மை; அதே சமயம் இந்த இசைக்கென்று இருக்கும் கனம் குறைந்துபோகிறது.

2018 ஆகஸ்டோடு அந்த பேரோ ஸ்ட்ரீட் நாடகம் முடிந்தது. 2023இல் ஸ்வீனி டாட் மறுபடி பிராட்வேக்கு வந்தபோது வாத்தியக் குழுவில் 26 பேர். அப்படி முழு இசையோடு ஒருநாள் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு, இரண்டில் ஒன்றை எடு என்றால் அந்தப் பெஞ்சுக்குத்தான் போவேன். இந்த முறை மாடிப்படிக்குப் பக்கத்து இடமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு.