தடுமாறினவனைத் திரும்ப இறக்காதீர்கள்

திருகோணமலையில் ஏகாம்பரம் மைதானத்திலோ மெக்கெய்சர் மைதானத்திலோ பின்னேர உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். கோணர் உதைக்கு இரண்டு பேர் ஒன்றாக எழும்புகிறார்கள், தலையும் தலையும் மோதுகிறது, ஒருவன் விழுகிறான். எழும்பி இரண்டடி வைத்ததும் கால் பின்னுகிறது. தலையை உதறிக்கொண்டு நிமிர்கிறான். கரையில் நிற்பவர்கள் "ஒண்டுமில்ல, விளையாடு" என்கிறார்கள். அவனும் அதையே சொல்கிறான்.

அவன் அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. ஐந்து நிமிடம் இருந்து தண்ணீர் குடித்த பிறகும் கூடாது, இரண்டாம் பாதியிலும் கூடாது, இறுதியாட்டமாக இருந்தாலும் கூடாது. மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், என்று உறுதியாகத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சந்தேகம் வந்தால் போதும்.

இந்தக் கண்டிப்பு ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, நம் ஊரில் யாரும் ஆடாத ஒரு விளையாட்டைப் பார்ப்பது நல்லது. அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்பவன் அணியின் மூளை. பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று செக்கனுக்குள் எதிரணி எப்படி நிற்கிறது என்று படித்து, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டும். 2022 செப்டெம்பர் 25 அன்று மயாமி டொல்ஃபின்ஸ் அணியின் குவாட்டர்பேக் துவா டகோவைலோவா, பஃபலோ பில்ஸ் அணியுடனான ஆட்டத்தில் தள்ளப்பட்டு விழுந்தார். தலையின் பின்புறம் தரையில் அடித்தது. எழும்பியவர் தலையை உலுப்பினார், சில அடி நடந்ததும் தள்ளாடினார், கூட்டாளிகள் தாங்கிப் பிடித்தார்கள். உள்ளே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அவர் மறுபடி ஆடினார். தள்ளாட்டத்துக்குக் காரணம் முதுகுக் காயம் என்று சொல்லப்பட்டது.

நான்கே நாளில் சின்சினாட்டியில் அடுத்த ஆட்டம். மறுபடி பிடித்துச் சுழற்றி விழுத்தப்பட்டார். இந்த முறை இரு கை விரல்களும் முகத்துக்கு முன்னால் விறைத்து மடங்கி நின்றன. ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுபோனார்கள்.

அந்த லீக்கில் வைத்தியருக்குப் பஞ்சமில்லை. அணியைச் சாராத நரம்பியல் ஆலோசகர் கரையில் நிற்பார், மேலே இருந்து திரையில் கவனிக்கவும் ஆள் உண்டு. பிறகு நடந்த விசாரணையில், விதியில் உள்ள படிகள் பின்பற்றப்பட்டன, ஆனால் விதியை எழுதியபோது நினைத்த விளைவு இதுவல்ல என்று லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து அறிவித்தன. ஓட்டை எங்கே இருந்தது? தள்ளாட்டத்துக்கு வேறு காரணம் உண்டு என்று வைத்தியர்கள் முடிவெடுத்தால் ஆளைத் திரும்ப விடலாம் என்று விதி இடம் கொடுத்திருந்தது. ஒக்டோபர் 8 அன்று அதை அடைத்தார்கள். அடிபட்ட பிறகு சமநிலையோ, உடல் ஒருங்கிணைப்போ, பேச்சோ குழம்பினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. காரணம் தேடுவதற்கே இடமில்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தத் திருத்தத்தைத்தான். திருகோணமலையில் வேறு காரணம் சொல்வது இன்னும் சுலபம். சித்திரை வைகாசியில் தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள் முழுக்க, பின்னேரம் நாலு மணிக்கும் தரை கொதிக்கும். "வெயில்தான்", "மத்தியானம் சாப்பிடாம வந்தவன்", "தண்ணி காணாது" என்று ஏதாவது ஒன்று எப்போதும் கைவசம் இருக்கும். உண்மையில் வெயில் மயக்கத்துக்கும் மூளை அதிர்ச்சிக்கும் தலையிடி, தலைச்சுற்று, சத்தி, களைப்பு எல்லாம் பொது. கரையில் நின்றுகொண்டு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே நேரத்தை மட்டும் பாருங்கள். அடிக்குப் பிறகு வந்த தலைச்சுற்றை அடியின் கணக்கில் எழுதுங்கள். நிழலில் இருத்துங்கள், தண்ணீர் கொடுங்கள், ஆனால் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

தலைக்குள் நடப்பது இதுதான். மூளை மென்மையான உறுப்பு. தலை சட்டென்று திரும்பி நிற்கும்போது அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது, வெளியே இருக்க வேண்டிய கல்சியம் உள்ளே புகுகிறது. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூளைக் கலங்களுக்கு வழக்கத்தை விடக் கூடுதலான சக்தி தேவை. அதே நேரத்தில் மூளைக்கான இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. தேவை கூடி வரத்துக் குறைந்த இந்த நிலையில்தான் அவனை ஓடு, பாய், தலையால் அடி என்கிறோம். இது கலங்களின் வேலையில் வந்த கோளாறு என்பதால் சீ.ரீ. ஸ்கானில் ஒன்றும் தெரியாது. ஸ்கான் எடுப்பது இரத்தக் கசிவும் எலும்பு வெடிப்பும் உண்டா என்று பார்க்க. "ஸ்கான் கிளியர், அடுத்த கிழமை விளையாடலாம்" என்று சொல்வது ஸ்கான் சொல்லாத ஒன்றை அதன் வாயில் போடுவது. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்ற நம்பிக்கையும் பிழை. பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலையில் நேரே பட வேண்டும் என்றும் இல்லை. நெஞ்சில் தோள் இடித்துக் கழுத்து வெட்டி இழுத்தாலும் வரும்.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் மூளை வேகமாக வீங்கி உயிர் போகலாம். அரிதுதான், ஆனால் போனவர்களில் அநேகர் பதின்ம வயதினர். வட அயர்லாந்தில் 2011 ஜனவரியில் 14 வயதுப் பாடசாலை ரக்பி வீரன் ஒருவன் ஒரே ஆட்டத்தில் பல முறை அடிபட்டும் தொடர்ந்து ஆடி, முடிவில் களத்திலேயே சரிந்தான். சில நாளில் இறந்தான். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் 2006 இல் 13 வயதுச் சிறுவன் ஒருவன் முதல் பாதியில் அடிபட்டு, இரண்டாம் பாதியில் இறக்கப்பட்டு, உயிர் பிழைத்தும் கடுமையாக ஊனமுற்றான். 2009 இல் அந்த மாநிலம் சட்டமே கொண்டுவந்தது: சந்தேகம் என்றால் வெளியே, எழுத்தில் வைத்திய அனுமதி இல்லாமல் உள்ளே இல்லை. 2014 க்குள் ஐம்பது மாநிலங்களும் இப்படிச் சட்டம் இயற்றிவிட்டன.

உயிராபத்தை விடுங்கள், வெறும் கணக்காகவே பாருங்கள். அடிபட்டும் தொடர்ந்து ஆடிய இளம் வீரர்கள் குணமாக, உடனே வெளியே வந்தவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் எடுத்தது என்று 2016 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. இருபது நிமிடம் ஆட வைப்பதற்காக ஒரு பருவத்தையே இழக்கிறோம்.

கரையில் என்ன பார்ப்பது? முதலில் கண். வெறித்த பார்வை, தன் இடத்தை விட்டு வேறெங்கோ போய் நிற்பது, சொன்னதைத் திருப்பிக் கேட்பது, எழும்பத் தாமதிப்பது, விழும்போது கையை ஊன்றாமல் மரம்போல விழுவது. பிறகு ஐந்து கேள்விகள். பேரும் வயதும் கேட்டுப் பயனில்லை, மூளை குழம்பியவனும் பேர் சொல்வான். கேட்க வேண்டியது சற்று முன் நடந்ததை:

"தம்பி, இப்ப எந்தக் கிறவுண்டில நிக்கிறம்?"
"மக்கெய்சர், சேர்."
"இது முதல் பாதியோ, ரெண்டாவதோ?"
"ரெண்டாவது."
"கடைசிக் கோல் ஆர் அடிச்சது?"
"...நாங்கதானே சேர்?"
"போன மட்ச் ஆரோட? அதில வெண்டமோ?"

ஒன்றுக்குத் தடுமாறினாலும் முடிவு தெரிந்துவிட்டது. ஐந்துக்கும் சரியாகச் சொன்னால்? அப்போதும், வேறு அறிகுறி ஒன்று கண்டிருந்தால், வெளியேதான். இந்தக் கேள்விகள் ஆளை வெளியே எடுக்க உதவுமே தவிர உள்ளே அனுப்ப உதவா. வைத்தியர்கள் பயன்படுத்தும் முழுச் சோதனைக்கே குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும், அதுவும் அமைதியான இடத்தில். சில அறிகுறிகள் மணிக்கணக்கு கழித்துத்தான் வரும்.

2014 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் 17ஆவது நிமிடத்தில் முகத்தில் அடிபட்டார். கிட்டத்தட்ட இன்னும் கால் மணி நேரம் ஆடினார். பிறகு மத்தியஸ்தரிடம் போய், "இது இறுதியாட்டமா?" என்று கேட்டார். மத்தியஸ்தர் சொன்ன பிறகுதான் 31ஆவது நிமிடத்தில் அவரை எடுத்தார்கள். ஓடிக்கொண்டும் பந்து கொடுத்துக்கொண்டும் இருந்தவருக்குத் தான் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. "எனக்கு ஒண்டுமில்ல" என்ற பதிலை நம்ப முடியாததற்கு இதை விடச் சாட்சி வேண்டாம்.

இப்போது அவசரமானவை. கழுத்து நோ, இரட்டையாகத் தெரிதல், கை கால் விறைப்பு அல்லது பலவீனம், வலிப்பு, நினைவு தப்புதல், கூடிக்கொண்டே போகும் தலையிடி, சத்தி, வர வரக் கூடும் அமைதியின்மை, தூக்கக் கலக்கம்: இவற்றில் எது இருந்தாலும் உடனே 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மூதூர், கிண்ணியாப் பக்கம் ஆட்டம் என்றால் முதலில் அங்குள்ள ஆதார வைத்தியசாலை.

அம்புலன்ஸ் வரும் வரை நம் கைகள் சும்மா இருப்பதுதான் கடினம். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கரவண்டிக்குள் திணிப்பது எல்லாவற்றிலும் மோசமானது. கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே முண்ணாண் அறுபடலாம். அவன் கிடக்கிற நிலையில் ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு, இரு கையாலும் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். மூச்சு வருகிறதா என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கன்னத்தில் தட்டுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, சோடா பருக்குவது, வலிப்பென்றால் கையில் சாவியைத் திணிப்பது எதுவும் வேண்டாம். அரை நினைவில் உள்ளவன் வாயில் ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

வீட்டுக்குப் போகிறவனைத் தனியே அனுப்பாதீர்கள், சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஓட்டிப்போக விடாதீர்கள். முதல் மூன்று மணி நேரமாவது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தலையிடிக்குப் பரசிட்டமோல் போதும். அஸ்பிரின், இபுபுரோஃபென் வேண்டாம், உள்ளே கசிவிருந்தால் கூடலாம். தூங்க விடக் கூடாது என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். வைத்தியர் பார்த்து அனுப்பியிருந்தால் தூங்கலாம், தூக்கம் நல்லது. எழுப்ப முடியாத தூக்கம்தான் ஆபத்து. பொட்டுப் பக்கம் அடிபட்டவன் சில மணி நேரம் நன்றாகப் பேசித் திரிந்துவிட்டுப் பிறகு மயங்குவதுண்டு. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையில் நாடி கிழிந்து இரத்தம் சேர்ந்தால் அப்படி ஆகும். அன்றிரவு அந்த வீட்டில் ஒருவர் கவனமாக இருப்பது இதற்காகத்தான்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, ஃபோனும் ரீவியும் குறைவு. இருட்டறையில் கிழமைக்கணக்கில் படுக்க வைப்பது பழைய வைத்தியம். இரண்டு நாளுக்கு மேல் முழு ஓய்வு பயன் தராது. மெதுவாக நடக்கலாம். பாடசாலைக்கு முதலில் அரை நாள், ரியூஷன் பிறகு. வகுப்பில் முழு நாள் தலையிடி இல்லாமல் இருக்க முடியாதவன் மைதானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

திரும்புவதற்குப் படிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். முதலில் அன்றாட வேலை. அடுத்து நடை, பிறகு மெல்லோட்டம்: உச்ச நாடித்துடிப்பில் 55 சதவீதம், அதன்பின் 70. பதினாறு வயதுப் பெடியனுக்கு 220 இலிருந்து வயது 16 ஐக் கழித்தால் உச்சம் 204. 55 சதவீதம் 112, 70 சதவீதம் 143. கழுத்து நாடியை 15 செக்கன் எண்ணினால் 28 துடிப்பும் 36 துடிப்பும் என்று வைத்துக்கொள்ளலாம். தலையிடியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தொடங்கியதை விட இரண்டுக்கு மேல் ஏறினால் நிறுத்தி அடுத்த நாள் பாருங்கள். பிறகு தனியே பந்தோடு ஓட்டம், அதன்பின் மோதல் இல்லாத குழுப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியாக ஆட்டம். மோதல் இல்லாத பயிற்சிக்குப் போகுமுன் அறிகுறி முழுதாக நீங்கி, வைத்தியர் அனுமதித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அறிகுறி திரும்பினால் தனியோட்டத்துக்கே இறங்க வேண்டும். வைத்தியர் குழு இல்லாத கழகங்களுக்கு பிரித்தானியாவின் 2023 வழிகாட்டல்தான் பொருத்தம்: எப்படியிருந்தாலும் 21 நாளுக்கு முன் போட்டி இல்லை, மோதல் உள்ள பயிற்சிக்கு முன் 14 நாள் அறிகுறியே இருக்கக் கூடாது.

இனிச் சுற்றுப்போட்டி நடத்துகிறவர்களுக்கு. ஆட்கள் மறைப்பதற்கு முக்கிய காரணம் மாற்று வீரர் எண்ணிக்கை முடிந்துவிடும் என்ற பயம். சர்வதேச உதைபந்தாட்ட விதிகள் 2024/25 இலிருந்து இதற்கு வழி தருகின்றன: போட்டி ஏற்பாட்டாளர் ஏற்றுக்கொண்டால், மூளை அதிர்ச்சி சந்தேகத்துக்குக் கணக்கில் சேராத நிரந்தர மாற்று ஒன்று, எதிரணிக்கும் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். வெளியே போனவன் திரும்ப முடியாது. உள்ளூர்ச் சுற்றுப்போட்டி விதிக் கடதாசியில் சேர்க்க இரண்டு வரி போதும். கோல் காப்பாளர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிகிச்சைக்காக அவர் களத்தை விட்டுப் போகத் தேவையில்லை என்பதால் விழுந்த இடத்திலேயே தண்ணீர் அடித்து எழுப்பி விடுகிறோம். கம்பத்தில் தலை மோதுகிறவரும் முழங்கால் முகத்தில் படுகிறவரும் அவர்தான்.

முடிவெடுப்பவர் யார் என்பதை ஆட்டம் தொடங்க முன்னமே பேசி வைக்க வேண்டும். பயிற்றுவிப்பாளராக இருக்கக் கூடாது, கப்டனாகவும் கூடாது. இருவருக்கும் வெல்ல வேண்டும். முதலுதவி தெரிந்த ஓர் ஆசிரியர், அல்லது பழைய வீரர் ஒருவர், வெளியே என்றால் வெளியேதான் என்று இரு அணியும் ஒப்புக்கொள்ளட்டும். முதலுதவிப் பெட்டியில் ஒரு கொப்பியும் பேனையும் இருக்கட்டும். அடிபட்ட நேரம், எப்படி அடிபட்டது, நினைவு தப்பியதா, எத்தனை செக்கன், தள்ளாடினானா, எந்தக் கேள்விக்குத் தடுமாறினான், சத்தி எத்தனை மணிக்கு என்று அப்போதே எழுதி, அந்தத் தாளைக் கிழித்து அவனோடு போகிறவர் கையில் கொடுங்கள். வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் முதலில் கேட்பது இதைத்தான்.