வெயிலுக்கு என்ன பஞ்சம் நம்மகிட்ட

தொண்டி பக்கம் இறால் பண்ணை வச்சிருக்க மச்சான் ஒருத்தன் கேக்குறான், "அதான் இம்புட்டு வெயில் அடிக்குதே மாப்ள, கழிவுல வந்து தண்ணியில கெடக்குற மருந்தெல்லாம் தானா செத்துராதா?"ன்னு. நல்ல கேள்விதான். ஆனா கிருமி சாகட்டும்னு சோப்புல போட்ட ட்ரைக்ளோசான் இருக்குல்ல (2016லயே அமெரிக்காவுல கை கழுவுற சோப்புல போடக்கூடாதுன்னுட்டாங்க), அது வெறும் வெயில்ல ஒடைஞ்சா கொஞ்சம் டையாக்சின்ங்கிற நச்சு வகையறாவா மாறுது, இது எப்டி இருக்கு!

அதுக்குத்தான் வினையூக்கி, அதாவது தான் தீராம வேதி வினைய வேகமாக்குற பொருள். டைட்டானியம் டை ஆக்சைடு, அதாங்க வெள்ளை பெயிண்ட்ல இருக்குமே அதே பவுடர்தான், அது மேல புற ஊதா வெளிச்சம் பட்டா எலக்ட்ரான் எகிறிப் போயி, அந்த எடத்துல தண்ணியிலேர்ந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு எதையும் சட்டுனு தாக்குற துகள் உண்டாகும், அது கைக்கு சிக்குன மருந்து மூலக்கூற எல்லாம் கடிச்சுக் குதறி, போதுமான நேரம் விட்டா கார்பன் டை ஆக்சைடு, தண்ணி வரைக்கும் கொண்டுபோயிரும். சிக்கல் என்னன்னா வெயில்ல புற ஊதா ஒரு 5 சதவீதம்தான். அதான் இப்ப கார்பன் நைட்ரைடு பக்கம் போறாங்க, வயலுக்குப் போடுற யூரியாவ சூளையில வச்சு சுட்டாலே வர்ற மஞ்சப் பவுடர், கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துலயே வேலை செய்யும்.

நம்ம கடற்கரைக்கு இன்னொரு தலைவலி, உப்பு. தண்ணியில இருக்க குளோரைடு அந்த ரேடிக்கலப் பாதியிலயே புடுங்கித் தின்னுரும். அதனால கடல்ல கலந்தப்புறம் ஒண்ணும் புடுங்க முடியாது, ஆஸ்பத்திரி கழிவுத்தண்ணி குழாய் வாயிலயே மடக்கணும். சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக் மாத்திரைய முழுங்குனா பாதிக்கிட்ட அப்டியே மூத்திரத்துல வந்துருதுங்க, அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கணும். பவுடர அப்டியே கொட்டாம கண்ணாடியில பூசி வைக்கணும், இல்லன்னா அதையும் வடிகட்ட வேற செலவு.