குரூப் பை போடும் முன் கீயைப் பாருங்கள்

போன வாரம் ஒரு ரிப்போர்ட்டில் 'தொலைபேசி' என்ற பொருள்வகை இரண்டு முறை வந்து நின்றது. முதல் வரியில் 212, அடுத்த வரியில் 38. டேட்டாபேஸிடம் கேட்ட குவெரியில் தப்பே இல்லை, ஒரே மதிப்புள்ள வரிகளை ஒரு குழுவாக்கும் குரூப் பையை வகையின் பெயரில் போட்டு, எண்ணிக்கைக்கு கவுண்ட், அவ்வளவுதான். குழு பிரிக்க வைக்கும் அந்த மதிப்புதான் கீ, இங்கே அது வகையின் பெயர். பின்னால் இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று டிரிம் போட்டுப் பார்த்தேன், அப்போதும் இரண்டு வரிதான். கடைசியில் இரண்டு பெயர்களின் நீளத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்று 8, இன்னொன்று 9.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. 'தொ' என்பதில் வரும் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரநிலையான யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். முழுக் குறிக்கும் சேர்த்து ஒரே குறியெண் உண்டு. கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக பைட்டுகளை ஒப்பிட்டுத்தான் இரண்டு சரங்கள் சமமா என்று முடிவு செய்யும், பைத்தான் டிக்‌ஷனரியும் குறியெண்களைத்தான் பார்க்கும். அவற்றுக்கு இவை வேறு வேறு கீ. போஸ்ட்கிரெஸ் 13லிருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, பைத்தானில் யூனிகோடுடேட்டா மாட்யூலில் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. இரண்டு பெயர்களையும், பிரிந்த குறிகளைச் சேர்த்து ஒரே மாதிரி ஆக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் ஒரே வரியாகி 250 என்று வந்தது.

ஆனால் இதுவும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. 'ஔவையார்' என்று ஔகார எழுத்தை வைத்து ஒருவர் எழுதுவார், இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுவார். நமக்கு ஒரே பெயர். யூனிகோடின் விதிப்படி இவை இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள், எந்த நார்மலைசேஷனும் இவற்றை ஒன்றாக்காது. அதை நாமேதான் பார்த்துத் திருத்த வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. குரூப் பை பற்றிப் பேசும்போது எல்லோரும் சம், ஆவரேஜ், கவுண்ட் பக்கமே போகிறோம். நான் பார்த்த தப்பான ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை கூட்டலில் தப்பவில்லை, கீயில்தான் தப்பின. அதனால் இப்போதெல்லாம் குவெரி எழுதும் முன்பே, விடையில் வரும் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுகிறேன். 'ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி' என்று எழுதினால், கீ வாடிக்கையாளர் எண்ணும் தேதியும் சேர்ந்தது. அந்தத் தேதி எந்த நேர மண்டலத்தின் தேதி என்ற கேள்வியும் அங்கேயே வந்துவிடும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? குழுவாகப் பிரிக்க அடிப்படையில் இரண்டு வழிதான். ஒன்று, ஒவ்வொரு கீக்கும் ஒரு பெட்டி வைத்துக்கொண்டு, வரும் வரியை அதற்குரிய பெட்டியில் போடுவது. இது ஹேஷ் முறை. இன்னொன்று, எல்லாவற்றையும் கீயின்படி வரிசைப்படுத்திவிட்டு மேலிருந்து நடந்துபோய், கீ மாறும் இடத்தில் ஒரு குழு முடிந்தது என்று கோடு போடுவது. டேட்டாபேஸ் தன் வசதிக்கு இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், நாம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் விடை வரிசையாக வரும் என்று நம்பக்கூடாது. மைஎஸ்க்யூஎல் முன்பெல்லாம் குரூப் பை போட்டாலே வரிசைப்படுத்தியும் கொடுத்தது, 2018ல் வந்த 8.0 பதிப்பில் அதை நிறுத்திவிட்டார்கள். வரிசை வேண்டுமென்றால் ஆர்டர் பை என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

பைத்தானில் இட்டர்டூல்ஸ் மாட்யூலில் உள்ள குரூப்பை பலரைக் கவிழ்ப்பது இந்த இரண்டாவது வழியால்தான். அது நடந்துபோய்க் கோடு போடும் வேலையை மட்டும் செய்யும், வரிசைப்படுத்தித் தராது. உள்ளே அ, அ, ஆ, அ என்று நான்கு கீகள் வருகின்றன என்று வையுங்கள். நாம் எதிர்பார்ப்பது இரண்டு குழு, அது தருவது மூன்று: அ இரண்டு முறை, ஆ ஒரு முறை, மறுபடியும் அ ஒரு முறை. இதை அப்படியே ஒரு டிக்‌ஷனரியில் கொட்டினால், கடைசியாக வந்த அ முதலில் வந்த அ-வின் மேல் உட்கார்ந்துவிடும். மூன்று அ இருந்த இடத்தில் ஒன்று மட்டும் மிஞ்சும். எர்ரர் எதுவும் வராது என்பதுதான் கொடுமை. அதே கீயை வைத்து முதலில் சார்ட் செய்யுங்கள், இல்லையென்றால் டிஃபால்ட்டிக்ட்டில் (இல்லாத கீக்குத் தானே இடம் உண்டாக்கும் டிக்‌ஷனரி) லிஸ்ட் வைத்துச் சேர்த்துக்கொண்டே போங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், படிப்பவருக்கும் உடனே புரியும்.

கீயே இல்லாத வரிகளை என்ன செய்வது என்பதில் ஒவ்வொரு மொழியும் ஒரு பக்கம் இழுக்கிறது. டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லில், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் ஒன்று இன்னொரு நல்லுக்குச் சமமில்லை, ஆனால் குரூப் பை மட்டும் எல்லா நல்களையும் ஒரே குழுவில் போடும். பைத்தானின் டேட்டா லைப்ரரியான பாண்டாஸ் அவற்றைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். 2020ல் வந்த 1.1 பதிப்பிலிருந்து ட்ராப்என்ஏ என்ற அளவுருவுக்கு ஃபால்ஸ் கொடுத்தால் வைத்துக்கொள்ளும். ஜாவாவின் குரூப்பிங்பை நல் கீயைப் பார்த்ததும் எக்ஸெப்ஷன் வீசும். சி ஷார்ப்பின் லிங்க் என்ற குவெரி வசதியில் குரூப்பை அதை ஒரு சாதாரணக் கீயாக ஏற்றுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2024 தரநிலையில் சேர்ந்த ஆப்ஜெக்ட் குரூப்பையோ, எண் போன்ற கீகளைச் சரமாக மாற்றிவிடும், அதனால் எண் 1ம் சரம் '1'ம் ஒரே பெட்டிக்குள் போகும். கீ கீயாகவே இருக்க வேண்டுமென்றால் மேப் குரூப்பை இருக்கிறது. டேட்டாபேஸில் ஒரு தொகை, பாண்டாஸில் வேறு தொகை என்று வந்தால் நான் முதலில் இந்த நல் வரிகளைத்தான் தேடுவேன்.

இரண்டு மூன்று ஃபீல்டுகள் சேர்ந்த கீ என்றால், அவற்றைச் சரமாக ஒட்டாதீர்கள். 1ஐயும் 12ஐயும் ஒட்டினால் 112, 11ஐயும் 2ஐயும் ஒட்டினாலும் 112. பைத்தானில் அவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கும் டியூப்பிள் வையுங்கள். சி ஷார்ப்பில் அனானிமஸ் டைப் மதிப்பை ஒப்பிடும், நாமே எழுதிய சாதாரண கிளாஸ் ஒப்பிடாது. சமம் பார்க்க உதவும் ஈக்வல்ஸும் கெட்ஹேஷ்கோடும் எழுதாமல் விட்டால் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தனித்தனிக் குழுவாகிவிடும்.

அடுத்தது, என்னை அதிகம் சிரமப்படுத்தியது, இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயினுக்குப் பிறகு போடும் குரூப் பை. ஒரு ஆர்டரின் தொகை 1000, அதற்குப் பணம் 400, 600 என்று இரண்டு தவணையில் வந்திருக்கிறது. ஆர்டர் டேபிளையும் பேமென்ட் டேபிளையும் ஜாயின் செய்ததும் அந்த ஆர்டர் இரண்டு வரியாகிவிடுகிறது, ஆர்டர் தொகையைக் கூட்டினால் 2000. ஒரே தவணையில் கட்டியவர்களுக்கெல்லாம் சரியாக வருவதால் டெஸ்ட்டில் இது தப்பித்துவிடும். உடனே சம்முக்குள், ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டுச் சரிசெய்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஒரே வாடிக்கையாளருக்கு 1000 மதிப்பில் இரண்டு தனித்தனி ஆர்டர்கள் இருந்தால் அது ஒன்றை விழுங்கிவிடும். பேமென்ட்டுகளை முதலில் ஆர்டர் எண்ணை வைத்து குரூப் செய்து, ஒரு ஆர்டருக்கு ஒரு வரி என்று சுருக்கிவிட்டு, அதற்கப்புறம் ஜாயின் செய்யுங்கள். ஒரு சப்குவெரி கூடும், அவ்வளவுதான்.

கீயிலும் இல்லாத, கூட்டவும் செய்யாத ஒரு நெடுவரிசையை செலக்டில் போட்டால் பெரும்பாலான டேட்டாபேஸ்கள் மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் பல காலம் மறுக்காமல், குழுவிலிருந்து ஏதோ ஒரு மதிப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2015ல் வந்த 5.7லிருந்து அதுவும் இயல்பாகவே மறுக்கிறது. அந்த எர்ரர் வந்ததும் பலர் செட்டிங்கை மாற்றி வாயடைத்துவிடுகிறார்கள். அந்த எர்ரர் கேட்பது நியாயமான கேள்வி, இந்தக் குழுவில் ஐந்து விலாசங்கள் இருக்கின்றன, எதைக் காட்டட்டும் என்று கேட்கிறது. கடைசி விலாசம் வேண்டுமா, முதல் விலாசம் வேண்டுமா, அல்லது விலாசமும் கீயில் சேர வேண்டுமா, இதை நாம்தான் சொல்ல முடியும்.

தொலைபேசி விஷயத்துக்கு வருகிறேன். நார்மலைஸ் போட்டு அன்றைக்கு ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டாலும் மனசு ஒப்பவில்லை, நாளைக்கே இன்னொருவர் இன்னொரு கீபோர்டில் தட்டுவார். இரண்டு நாள் எடுத்து வகைகளுக்கென்று தனி டேபிள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, பெயரை உள்ளே சேர்க்கும் இடத்திலேயே என்எஃப்சியாக்கி, ஒரே பெயர் இரண்டு முறை நுழையாதபடி அதன்மேல் யூனிக் கட்டுப்பாடும் போட்டேன். இப்போது குரூப் பை அந்த எண்ணை வைத்து ஓடுகிறது, பெயர் திரையில் காட்ட மட்டும். பழைய டேட்டாவை மாற்றும்போது இதேபோல ஒளிந்திருந்த இன்னும் மூன்று ஜோடிகள் கிடைத்தன, அவற்றில் ஒன்று ஔகாரம் வரும் பெயர்.