ஒரே வண்டி, இரண்டு ஊதியம்

அமெரிக்காவின் பொதி விநியோக நிறுவனமான யுபிஎஸ்ஸுக்கும் அதன் ஊழியர்களின் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்துக்கும் இடையே 2018ஆம் ஆண்டு ஏற்பட்ட ஒப்பந்தத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. கிடங்கு வேலையையும் பொதி விநியோகத்தையும் சேர்த்துச் செய்வோர் என்ற பெயரில், ‘22.4’ என்னும் புதிய ஓட்டுநர் பிரிவை அது உருவாக்கியது. ஆனால் அவர்களில் பலர் நாள் முழுதும் வழக்கமான ஓட்டுநர்களைப் போலவே வண்டி ஓட்டிப் பொதிகளைக் கொண்டுசேர்த்தனர்; அவர்களுக்கான உச்ச ஊதியமோ குறைவு, மிகைநேர வேலைக்கு எதிராக மற்றவர்களுக்கு இருந்த பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடையாது. செய்யும் வேலையை விட்டுவிட்டு, பிரிவின் எண்ணைக் கொண்டு ஒருவரின் தகுதியை அளப்பது அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வாக்களித்த சங்க உறுப்பினர்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தனர். எனினும், பாதி உறுப்பினர்கள்கூட வாக்களிக்காதபோது நிராகரிப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்ற சங்க விதியைக் காட்டி, தலைமை அதை ஏற்கப்பட்டதாக அறிவித்தது. நிர்வாகத்தின் மீதிருந்த குறையைவிட, தம் சொந்தச் சங்கத்தின் இந்த முடிவே உறுப்பினர்களை ஆழமாகக் காயப்படுத்தியிருக்கும். 2021 மாநாட்டில் அவ்விதி நீக்கப்பட்டது. 2023 ஒப்பந்தம் 22.4 பிரிவையே ஒழித்து, அதிலிருந்தோரை வழக்கமான ஓட்டுநர்களாக மாற்றியது.